அப்பாவுக்குப் புரோஸ்டேட் புற்றுநோய்: ரோபோ அறுவை சிகிச்சையால் நோயாளிக்கு உண்மையில் என்ன பயன்?

கேள்வி – முசிறி மகள்

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு 64 வயது. முசிறிக்குப் பக்கத்தில் வாழைத் தோட்டம் வைத்திருக்கிறார். இன்றுவரை மடை திருப்புவது முதல் தார் சுமப்பது வரை தானே செய்பவர். இரவில் ஐந்தாறு முறை சிறுநீர் கழிக்க எழுந்ததால் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றோம். புரோஸ்டேட் கோளாறைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான பிஎஸ்ஏவின் அளவு 11 இருந்தது. பயாப்சியில் (திசுவை எடுத்துச் செய்யும் சோதனை), ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்றும், நோயின் தீவிரத்தைக் காட்டும் கிளீசன் மதிப்பெண் 7 என்றும் வந்தது. எம்ஆர்ஐ, எலும்பு ஸ்கேன் இரண்டிலும் நோய் சுரப்பியை விட்டு வெளியே பரவியதற்கான அடையாளம் இல்லை என்றார்கள்.

திருச்சியில் பார்த்த சிறுநீரக அறுவை மருத்துவர், அடிவயிற்றைத் திறந்து சுரப்பியை முழுவதுமாக எடுத்துவிடலாம் என்றார். இரண்டாவது கருத்துக்காகச் சென்னை சென்றபோது, ரோபோ உதவியுடன் சிறு துளைகள் வழியாகச் செய்வதே நல்லது என்றார்கள். அங்கே சொன்ன செலவு திருச்சியில் சொன்னதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கடன் வாங்கியாவது செய்துவிடலாம் என்று நானும் தம்பியும் நினைக்கிறோம். ஆனால் அப்பா, "எந்திரம் என் வயிற்றை அறுக்க நான் சம்மதிக்க மாட்டேன்" என்று பிடிவாதமாக இருக்கிறார்.

கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்கு அப்பாவுக்குக் கிடைக்கப்போவது என்ன? தழும்பு சிறியதாக இருக்கும் என்பது மட்டும்தானா, அல்லது நோய் குணமாவதிலும் வேறுபாடு உண்டா? இந்தச் சிகிச்சை செய்துகொண்டவர்களும் மருத்துவத் துறையில் இருப்பவர்களும் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1 – ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை

அன்புள்ள மகளுக்கு, மூன்று ஆண்டுகளுக்கு முன் என் 66ஆம் வயதில் இதே நோய்க்கு இதே சிகிச்சையைச் செய்துகொண்டேன். ஆகவே பட்டதை மட்டும் எழுதுகிறேன்.

மயக்கம் தெளிந்தபோது வயிற்றைவிடத் தோள்பட்டைதான் அதிகம் வலித்தது. வயிற்றில் கை வைக்காமல் தோளில் என்ன செய்தார்கள் என்று குழம்பினேன். கருவிகள் நடமாட இடம் வேண்டி வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவை நிரப்புவார்கள் என்றும், அது உதரவிதானத்தை உறுத்துவதால் தோளில் வலி தெரியும் என்றும், இரண்டு நாளில் போய்விடும் என்றும் செவிலியர் சொன்னார். அப்படியே போனது. வயிற்றில் ஆறு சிறு காயங்கள் இருந்தன. அறுத்த சுரப்பியை ஒரு பைக்குள் இட்டு வெளியே எடுத்த வழி என்பதால், தொப்புளுக்கு மேலே இருந்தது மட்டும் இரண்டு விரற்கடை நீளம். மறுநாள் காலையில் வராந்தாவின் கோடி வரை நடந்தேன். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என் அண்ணனுக்கு 2009இல் இதே அறுவையை வயிற்றைத் திறந்து செய்தார்கள். அவருக்கு இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்ற நேர்ந்தது, எட்டு நாள் மருத்துவமனையில் கிடந்தார். அந்த வேறுபாட்டை எங்கள் குடும்பம் கண்ணால் பார்த்தது.

ஆனால் ஒன்றை உங்கள் அப்பாவுக்கு இப்போதே சொல்லிவிடுங்கள். வெளியே காயம் சிறியதாக இருந்தாலும் உள்ளே நடப்பது பெரிய அறுவைதான். தழும்பைப் பார்த்து ஏமாந்து, மூன்றாவது வாரத்தில் சமையல் கேஸ் சிலிண்டரை நகர்த்தினேன். அன்று மாலையே சிறுநீரில் ரத்தம் வந்து மறுபடி மருத்துவமனைக்கு ஓடினோம். வாழைத்தார் சுமப்பவரை ஆறு வாரத்துக்காவது தோட்டத்துப் பக்கம் தனியாக விடாதீர்கள்.

சிறுநீர் வெளியேற வைத்திருந்த கத்தீட்டர் குழாயை ஒன்பதாம் நாள் எடுத்தார்கள். அதன்பிறகு இருமினாலும் எழுந்தாலும் சிறுநீர் கசிந்தது. முதல் மாதம் நாளொன்றுக்கு நான்கு பேடு, பிறகு இரண்டு, பிறகு ஒன்று என்று குறைந்து, முழுவதும் நிற்க நான்கரை மாதம் ஆயிற்று. ரோபோ செய்தால் கசிவே இருக்காது என்று எனக்கு யாரோ சொல்லியிருந்ததை நம்பியதால்தான் அந்த மாதங்களில் மனம் உடைந்துபோனேன். முன்பே உள்ளபடி தெரிந்திருந்தால் அவ்வளவு வருந்தியிருக்க மாட்டேன்.

மறுமொழி 2 – அறுவை அரங்கச் செவிலியர்

சகோதரி, நான் பதினொரு ஆண்டுகளாக அறுவை அரங்கில் பணியாற்றுகிறேன். அவற்றில் கடைசி ஆறு ஆண்டுகள் ரோபோ அரங்கில். உங்கள் அப்பாவின் அச்சம் எங்களுக்குப் பழக்கமானது. பிளாஸ்டிக் உறை மாட்டிய நான்கு கைகளோடு ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் அந்த எந்திரத்தைப் பார்த்துவிட்டு, மயக்க மருந்து ஏறும்வரை என் கையை விடாமல் பிடித்துக்கொண்டவர்கள் பலர். அவர்களுக்குச் சொல்வதையே இங்கும் சொல்கிறேன்: எந்திரம் தானாக ஒரு மில்லிமீட்டர்கூட அறுக்காது.

பரவலாகப் பயன்படும் டாவின்சி என்னும் ரோபோ எந்திரத்தில் மருத்துவர் அதே அறையில், மேசையிலிருந்து சில அடி தள்ளி, கன்சோல் என்னும் இருக்கைப் பகுதியில் அமர்ந்திருப்பார். இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படம் வருவதால் உள்ளுறுப்புகளை ஆழத்தோடும் சுமார் பத்து மடங்கு பெரிதாகவும் பார்ப்பார். கட்டைவிரலும் அடுத்த விரலும் பிடிக்குள் இருக்கும். கால்களுக்குக் கீழே கேமராவுக்கும் ரத்தக் குழாயைப் பொசுக்கி அடைப்பதற்கும் மிதிகள் உண்டு. மிதி காலுக்குத் தெளிவாகப் புலப்பட வேண்டும் என்பதற்காகவே எங்கள் மருத்துவர் செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் காலுறையோடு அமர்வார். முகத்தை வைக்கும் இடத்தில் ஓர் உணரி இருக்கிறது. அவர் தலையை எடுத்த அந்தக் கணமே உள்ளேயிருக்கும் கருவிகள் அப்படியே அசையாமல் நின்றுவிடும். அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். மருத்துவர் பார்க்காதபோது எந்திரம் எதையும் செய்ய வழியில்லை.

ரோபோ இல்லாமல் சிறு துளைகள் வழியாகச் செய்யும் சாதாரண லேப்ராஸ்கோப்பியில் நேரான நீளக் குச்சிகளை வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். கை வலப்பக்கம் போனால் நுனி இடப்பக்கம் போகும். ரோபோவின் கருவி 8 மில்லிமீட்டர் தடிமன்தான் என்றாலும் அதன் நுனி மணிக்கட்டைப் போல மடங்கித் திரும்பும். மருத்துவர் கையை மூன்று மில்லிமீட்டர் நகர்த்தினால் நுனி ஒரு மில்லிமீட்டர் மட்டும் நகரும்படி அமைத்துக்கொள்ளலாம். கையில் இயல்பாக உள்ள சிறு நடுக்கமும் வடிகட்டப்பட்டுவிடும். புரோஸ்டேட் இருப்பது இடுப்பெலும்புக்குப் பின்னே, கிணற்றின் அடியைப் போன்ற குறுகிய இடம். சுரப்பியை எடுத்தபின் சிறுநீர்ப்பையின் வாயைச் சிறுநீர்ப் பாதையோடு சுற்றிவரத் தைக்க வேண்டும். அந்தத் தையலைப் போடும்போதுதான் மடங்கும் நுனியின் அருமை தெரியும்.

மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று எல்லோரும் கேட்பார்கள். எந்திரத்திலேயே பேட்டரி உண்டு. கருவிகளைக் கையால் விடுவிக்கவும் வழி உண்டு. வயிற்றைத் திறக்க வேண்டிவந்தால் தேவைப்படும் கத்தி, கத்தரி, இடுக்கிகள் அனைத்தும் கிருமிநீக்கம் செய்த தட்டில் அரங்கத்திலேயே காத்திருக்கும். அந்தத் தட்டு இல்லாமல் நாங்கள் ஒருமுறைகூடத் தொடங்கியதில்லை.

இன்னொன்று. மூன்று நான்கு மணி நேரம் நோயாளியைத் தலை தாழ்ந்திருக்கும்படி சாய்த்து வைப்பதால், வெளியே வரும்போது முகமும் இமைகளும் வீங்கியிருக்கும். ஒரு நாளில் வடிந்துவிடும், பயப்படாதீர்கள். ஆனால் அப்பாவுக்குக் கண் நீர் அழுத்த நோயோ, இதய நுரையீரல் கோளாறோ இருந்தால் மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

மறுமொழி 3 – சிறுநீரக அறுவை மருத்துவர்

வணக்கம். நான் திறந்த அறுவையும் செய்கிறேன், ரோபோ அறுவையும் செய்கிறேன். உங்கள் அப்பாவைப் பரிசோதிக்காமல் எது வேண்டும் என்று சொல்வது முறையாகாது. ஆனால் உங்கள் கேள்விக்குத் தெளிவான விடை உண்டு.

இரண்டு முறைகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட முக்கியமான ஆய்வு ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் நடந்து, 2016இல் லான்செட் என்னும் மருத்துவ இதழில் வெளியானது. புரோஸ்டேட் புற்றுநோய் உள்ள 326 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். திறந்த அறுவையில் சராசரி ரத்த இழப்பு சுமார் 1,340 மில்லிலிட்டர். ரோபோ அறுவையில் சுமார் 440. மருத்துவமனையில் இருந்த நாள்கள் முறையே 3.3, 1.5. தொடக்க நாள்களின் வலியும் ரோபோ பக்கம் குறைவு. ஆசிரியர் ஐயா தம் அண்ணனோடு ஒப்பிட்டு எழுதியது இதனோடு ஒத்துப்போகிறது. ஆனால் சிறுநீரை அடக்கும் திறனிலும் ஆண்மை மீள்வதிலும், 12 வாரத்திலும் சரி, பிறகு 24 மாதத்திலும் சரி, இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

இதைப் புரிந்துகொள்ள இன்னொரு விவரம் வேண்டும். அந்த ஆய்வில் திறந்த அறுவைகளைச் செய்தவர் அதற்கு முன்பே 1,500க்கும் மேற்பட்டவற்றைச் செய்து தேர்ந்தவர். ரோபோவில் செய்தவர் தொடக்கத்தில் சுமார் 200 செய்திருந்தார். இளையவர் கருவியின் துணையால் மூத்தவருக்கு இணையாக வந்தார் என்றும் இதைப் படிக்கலாம். தேர்ந்த கை இருந்தால் கருவி இல்லாமலும் அதே விளைவு வரும் என்றும் படிக்கலாம். என் அனுபவத்தில் இரண்டுமே உண்மை. கசிவும் ஆண்மையும் சுரப்பியை ஒட்டி ஓடும் மெல்லிய நரம்புக் கற்றைகளையும், அடக்கும் தசையையும் எவ்வளவு பதமாகப் பிரிக்கிறோம் என்பதைப் பொறுத்தவை. அந்த நரம்புகளின் பாதையைக் கண்டறிந்து, அவற்றைக் காக்கும் முறையை 1982இல் திறந்த அறுவையில்தான் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த பேட்ரிக் வால்ஷ் தொடங்கிவைத்தார். ரோபோ வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே கிடைத்த அறிவு அது.

ரத்த இழப்பு குறைவதற்கும் முழுப் பெருமையை எந்திரத்துக்குக் கொடுத்துவிட முடியாது. சுரப்பியின் முன்புறம் இருக்கும் சிரைகளே அதிகம் ரத்தம் கசியும் இடம். வயிற்றில் நிரப்பிய வாயுவின் அழுத்தமே அவற்றைப் பெருமளவு அமுக்கிவிடுகிறது. சாதாரண லேப்ராஸ்கோப்பியிலும் இந்த நன்மை உண்டு. ஆனால் நேரான குச்சிகளால் அந்தக் குறுகிய இடத்தில் தைப்பது மிகக் கடினம் என்பதால் அதில் தேர்ச்சி பெற்றவர்கள் குறைவாகவே இருந்தார்கள். அந்தத் தடையை ரோபோ நீக்கியது. டாவின்சிக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2000இல் அனுமதி வழங்கியது. அதையடுத்த ஆண்டுகளில் டெட்ராய்ட் நகரின் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனையில் இந்த அறுவையை ஒழுங்கான நடைமுறையாக வளர்த்தெடுத்தவர் மணி மேனன். புதுச்சேரி ஜிப்மரில் மருத்துவம் படித்தவர். அங்கே படித்தவன் என்ற முறையில் இதைச் சொல்வதில் எனக்கு மகிழ்ச்சி உண்டு.

எனவே சென்னையில் பார்த்த மருத்துவரிடம் எந்திரத்தைப் பற்றிக் கேட்பதைவிட அவரைப் பற்றியே கேளுங்கள். இந்த அறுவையை ரோபோவில் அவர் இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார், ஓராண்டு கழித்து அவர்களில் எத்தனை பேர் பேடு இல்லாமல் இருக்கிறார்கள், எடுத்த சுரப்பியின் விளிம்பில் புற்றணுக்கள் தென்பட்டது எத்தனை பேருக்கு, அறுவையன்று கன்சோலில் தொடக்கம் முதல் முடிவு வரை அமரப்போவது அவர்தானா என்று கேளுங்கள். திருச்சி மருத்துவரிடமும் இவற்றையே கேளுங்கள். நல்ல மருத்துவர் இதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார். அப்பாவின் நிலையில் கதிர்வீச்சுச் சிகிச்சையும் ஒரு வழியாக இருக்கக்கூடும் என்பதால், முடிவெடுக்கும் முன் கதிரியக்கப் புற்றுநோய் மருத்துவர் ஒருவரையும் பார்த்துவிடுங்கள்.

மேலதிகக் கேள்வி – முசிறி மகள்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தலையை எடுத்தால் கருவி நின்றுவிடும் என்பதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். இரண்டு முறை திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

இரண்டு ஐயங்கள். எங்கள் அத்தைக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் தொடக்க நிலையில் இருப்பதாகச் சென்ற மாதம் தெரிந்தது. அவருக்கும் ரோபோ முறை இதேபோல் நன்மை தருமா? அப்பாவுக்கு ஐந்து லட்சம் ரூபாய்க்கு மருத்துவக் காப்பீடு இருக்கிறது. ரோபோ சிகிச்சைக்கு அது பொருந்துமா?

மறுமொழி 4 – சிறுநீரக அறுவை மருத்துவர்

அத்தையின் விஷயத்தில் மிகவும் கவனம் தேவை. ஓர் உறுப்புக்குப் பயன்பட்டது என்பதால் மற்றோர் உறுப்புக்கும் பயன்படும் என்று கொள்ள முடியாது. தொடக்க நிலைக் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கருப்பையை எடுக்கும் பெரிய அறுவையில், 631 பெண்களிடம் பல நாடுகளில் நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. நான்கரை ஆண்டுகளில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் திறந்த அறுவையில் 96.5 விழுக்காடு, சிறு துளை அறுவையில் 86 விழுக்காடு. சிறு துளைப் பிரிவில் பெரும்பாலானவை சாதாரண லேப்ராஸ்கோப்பி, ஒரு பகுதி ரோபோ. காயம் சிறியது, வலி குறைவு என்ற நன்மைகள் எல்லாம் இருந்தும், உயிர் காப்பதில் பழைய முறையே மேலாக நின்றது. நாங்கள் யாருமே இதை எதிர்பார்க்கவில்லை. ஆகவே அந்த நோய்க்கு உங்கள் அத்தையின் மருத்துவர் வயிற்றைத் திறந்து செய்யலாம் என்று சொன்னால், அவர் பழமைவாதி என்று எண்ணிவிடாதீர்கள்.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டும் உண்டு. சிறுநீர்ப்பையை முழுவதும் எடுக்கும் அறுவையில், பிரிட்டனின் ஒன்பது மருத்துவமனைகளில் 338 பேரிடம் நடந்த ஆய்வு 2022இல் வந்தது. காயம் தொடர்பான சிக்கல்கள் திறந்த முறையில் 16 விழுக்காடு, ரோபோவில் 5.6; ரத்தக்கட்டி உண்டானது 8.3 விழுக்காட்டுக்கு எதிராக 1.9. அத்தகைய நோயாளிக்கு நான் தயங்காமல் ரோபோவைப் பரிந்துரைப்பேன்.

மறுமொழி 5 – கோவை வாசகர்

காப்பீட்டைப் பற்றி நான் சொல்கிறேன். நான் பட்ட துன்பம் நீங்கள் படக் கூடாது. என் மனைவிக்குச் சிறுநீரகக் கட்டியை ரோபோ முறையில் அகற்றினோம். பணமில்லாச் சிகிச்சைக்கு ஒப்புதல் வந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்தோம். டிஸ்சார்ஜ் அன்று, "ரோபோவுக்கு உங்கள் பாலிசியில் தனி உச்சவரம்பு உண்டு" என்று சொல்லி, மீதியை மதியத்துக்குள் கட்டச் சொன்னார்கள். மனைவியைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு உறவினர்களுக்குத் தொலைபேசியில் பேசிப் பணம் திரட்டினேன்.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வெளியிட்ட விதிகளின்படி, ரோபோ அறுவை என்பதற்காகவே ஒரு நிறுவனம் காப்பீட்டை மறுக்க முடியாது. ஆனால் அதற்கு ஓர் உச்சவரம்பு வைத்துக்கொள்ள இடம் கொடுத்திருக்கிறார்கள். எனவே பாலிசி ஆவணத்தில் "நவீன சிகிச்சைகள்" என்ற பகுதியைத் தேடி, அங்கே எழுதியிருக்கும் தொகையையோ விழுக்காட்டையோ பாருங்கள். எந்திரத்தின் கருவிகளைக் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் பயன்படுத்த முடியாது என்பதால், மருத்துவமனைகள் அதற்கென்று ஒரு கட்டணத்தைத் தனியாகச் சேர்க்கும். அது மதிப்பீட்டில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சென்னை ஓமந்தூரார் அரசு பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையில் 2022 முதல் ரோபோ அறுவை சிகிச்சை நடக்கிறது. கடன் வாங்குவதற்கு முன் அங்கேயும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

முசிறி மகள்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பாலிசியைத் தேடிப் பார்த்ததில் ரோபோவுக்கான வரம்பு இரண்டரை லட்சம் என்று இருக்கிறது. இரண்டு மருத்துவர்களையும் மறுபடி சந்தித்து, இங்கே எழுதியிருந்த கேள்விகளை ஒரு தாளில் குறித்துக்கொண்டு போய்க் கேட்டேன். திருச்சி மருத்துவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, இந்த அறுவையைத் தாம் ஆண்டுக்கு நான்கைந்து பேருக்குத்தான் செய்வதாகவும், வேறிடத்தில் அதிகம் செய்பவரிடம் போவதில் தமக்கு வருத்தமில்லை என்றும் சொன்னார். அந்த நேர்மையை மறக்க மாட்டோம். ஓமந்தூராரில் அப்பாவைக் காட்டினோம். அங்குள்ள மருத்துவர் எல்லாக் கேள்விகளுக்கும் பொறுமையாக விடை சொன்னார். கன்சோலில் தாமே அமர்வதாகவும், அப்பாவின் கட்டி ஒரு பக்கத்தில் விளிம்பை நெருங்கி இருப்பதால் அந்தப் பக்கத்து நரம்பைக் காக்க முடியாமல் போகலாம் என்றும் விளக்கினார். அடுத்த மாதம் 9ஆம் தேதி குறித்திருக்கிறோம். அத்தைக்குத் திறந்த முறையில் அறுவை முடிந்து வீட்டில் இருக்கிறார்.

இடுப்புத் தளத் தசைகளுக்கான பயிற்சியை அறுவைக்கு முன்பே தொடங்கச் சொன்னார்கள். அப்பா இப்போது காலையில் மோட்டாரைப் போட்டுவிட்டு, தொட்டி மேட்டில் உட்கார்ந்து, பத்து எண்ணும்வரை இறுக்கிப் பிடித்து விடுகிறார். எத்தனை முறை செய்தார் என்பதை வாழை நடவுக் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறார்.